சிறு மண் அணைகளும் வெள்ளத் தடுப்பும்: சித்தூர் – திருப்பதி வட்டாரம் தரும் படிப்பினை

வறட்சி நிவாரணமும் வெள்ள நிவாரணமும் ஒரே வட்டாரத்திற்குத் தேவைப்படுவது நம் நாட்டில் புதுமையன்று. ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள சித்தூர், திருப்பதி வட்டாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பல ஆண்டுகள் கிணறுகள் வற்றி, நிலக்கடலைப் பயிர் வாடி, குடிநீருக்கே மக்கள் அல்லற்படும் இப்பகுதியில், 2021 நவம்பரில் பெய்த மழை ஆறுகளைக் கரை மீறி ஓடச் செய்தது. ஏரிக்கரைகள் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. மலைக்கு அப்பால், செய்யேற்றின் மீதிருந்த மண் அணையொன்று உண்மையாகவே உடைந்து பல உயிர்களைப் பலிகொண்டது.

வெள்ளத்தைத் தடுக்கச் சிறு மண் அணைகள் போதுமா, அவை எவ்வாறு பயன்படுகின்றன, எப்போது அவையே ஆபத்தாக மாறுகின்றன என்பவை இத்தகைய வேளைகளில் எழும் கேள்விகள். இவற்றுக்கு விடை காணப் பொறியியலும் பொருளாதாரமும் சேர்ந்தே துணைபுரிய வேண்டியுள்ளது.

நிலமும் மழையும்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று, அந்நாளைய சென்னை மாகாணத்தில், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று அதன் கிழக்குப் பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் இணைந்து திருப்பதி மாவட்டமாயின. நிர்வாக எல்லைகள் மாறினாலும் நிலத்தின் அமைப்பு ஒன்றே. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் சரிவுகளும், அவற்றின் அடிவாரத்தில் மேடும் பள்ளமுமான செம்மண் நிலமும், பாறைகள் துருத்தி நிற்கும் குன்றுகளும் இங்கு மாறி மாறி வருகின்றன. பெருநதி ஏதும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையாகக் கிடக்கும் சிற்றாறுகளே உள்ளன. தமிழர் பொன்முகலி என வழங்கும் சுவர்ணமுகி, சந்திரகிரி, திருப்பதி, திருக்காளத்தி ஆகிய ஊர்களை அடுத்து ஓடிக் கடலில் கலக்கிறது. சித்தூர் நகரின் வழியே வரும் நீவா ஆறு தமிழ்நாட்டிற்குள் பொன்னையாறு என்ற பெயரில் பாலாற்றைச் சேர்கிறது. ஆரணியாறும் கொசத்தலையாறும் இங்குள்ள மலைகளில் தோன்றித் திருவள்ளூர் மாவட்டத்திற்குள் நுழைகின்றன.

இவ்வாறுகளுக்குப் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடகிழக்குப் பருவத்தில் கரையைக் கடக்கும்போது, சில மணி நேரத்தில் பெருமழை கொட்டுகிறது. சரிவு மிகுதி, மண் ஆழம் குறைவு. ஆகவே நீர் நிலத்தில் இறங்க நேரமின்றி ஓடைகளில் பாய்கிறது. காலையில் வறண்டிருந்த ஓடை மாலையில் பேருந்தை உருட்டும் அளவு பெருகிவிடும். மறு வாரம் மீண்டும் மணலாகக் கிடக்கும்.

இந்த நீரை இயன்றவரை பிடித்து வைப்பது எப்படி என்பதற்கு முன்னோர் கண்ட விடை ஏரிகளே. பள்ளத்தாக்கின் குறுக்கே இரு மேடுகளை இணைத்து மண் கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி, மதகின் வழியே வயலுக்கு விட்டனர். அத்தகைய ஆயிரக்கணக்கான ஏரிகள் இவ்வட்டாரம் முழுவதும் பரவியுள்ளன. ஒவ்வொன்றும் அமைப்பால் ஒரு சிறு மண் அணையே. திருப்பதிக்கு அருகே 1977 இல் கட்டப்பட்ட கல்யாணி அணையும், ஆரணியாற்றின் மீது பிச்சாட்டூரில் அமைந்த நீர்த்தேக்கமும் இவ்வரிசையில் பிற்காலத்தில் சேர்ந்தவை.

அணை வெள்ளத்தை எவ்வாறு தணிக்கிறது

வெள்ளத்தின் கொடுமை நீரின் மொத்த அளவை மட்டும் பொறுத்ததன்று. அந்த நீர் எவ்வளவு குறுகிய நேரத்தில் வருகிறது என்பதையும் பொறுத்தது. பத்து நாட்களில் ஓடவேண்டிய நீர் பத்து மணி நேரத்தில் ஓடினால்தான் அது வெள்ளம். எனவே வெள்ளத் தடுப்பு என்பது பெரும்பாலும் நீரைத் தாமதப்படுத்தும் கலையாகும்.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 1,000 கன மீட்டர். 10 சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்புப் பகுதியில், அதாவது 1,000 ஹெக்டேரில், அதே மழை பெய்து, அதில் பாதி வழிந்தோடுவதாகக் கொள்வோம். ஓடைக்கு வரும் நீர் 5 லட்சம் கன மீட்டர். இது 4 மணி நேரத்தில் வந்தால் சராசரியாக வினாடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் நீர் ஓடும். இடையே ஓர் அணையிருந்து, அதில் 3 லட்சம் கன மீட்டர் இடம் காலியாக இருக்குமானால், கீழேயுள்ள ஊர்களுக்குப் போவது எஞ்சிய 2 லட்சம் மட்டுமே. அதுவும் அணை நிரம்பிய பிறகே போகும்.

அந்த அணை முன்னமே நிரம்பியிருந்தால் நிலைமை வேறு. வந்த நீர் அனைத்தும் வெளியேறியே தீரவேண்டும். நிறைந்த ஏரியும் சிறிது தாமதத்தை உண்டாக்கும் என்பது உண்மை. 20 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியில் நீர்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தால் 1 லட்சம் கன மீட்டர் நீர் தற்காலிகமாகத் தங்கும். ஆனால் அந்த அரை மீட்டர், கரையின் பாதுகாப்பிற்காக விடப்பட்ட உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

இதிலிருந்து பெறப்படும் அடிப்படை உண்மை எளிது. பாசன அணையின் செல்வம் அதிலுள்ள நீர். வெள்ளத் தடுப்பு அணையின் செல்வம் அதிலுள்ள காலி இடம். ஒரே கரை இரண்டு பணிகளையும் செய்ய வேண்டும் என எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மண் கரையின் வலுவும் நலிவும்

அணை கட்ட மண்ணைப் போன்று மலிவான பொருள் வேறில்லை. கட்டுமிடத்திலேயே கிடைக்கிறது. உள்ளூர் மக்களின் உழைப்பைப் பயன்படுத்தலாம். அடித்தளம் சற்று இணங்கினாலும் கரை அதற்கேற்பத் தாழ்ந்து கொடுக்கும். ஆனால் மண் என்றால் எந்த மண்ணும் ஆகாது. நீர் புகாத களிமண் நடுவில் சுவர் போல எழுப்பப்பட்டு, அதன் அடி உறுதியான நிலத்தைத் தொடும்வரை பள்ளம் தோண்டிப் பதிக்கப்படுகிறது. இரு புறமும் சரளை கலந்த மண் அணைவாக அமைகிறது. மண் அளவான ஈரத்தோடு, மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, உருளைகளால் இறுக்கப்பட வேண்டும். ஈரம் குறைந்தால் மண் கட்டிகள் ஒட்டா. மிகுந்தால் சேறாகிவிடும். நீர்ப்புறச் சரிவு அலைகளால் அரிக்கப்படாதிருக்கக் கற்பாவு இடப்படுகிறது. மறுபுற அடியில் மணல், சரளை, கல் ஆகியவற்றாலான வடிகட்டி அமைக்கப்படுகிறது. கசியும் நீர் மண்ணை அள்ளிச் செல்லாமல், தெளிந்து வெளியேற இது உதவுகிறது.

இவ்வாறு கட்டப்பட்ட கரைக்கும் மூன்று பகைகள் உண்டு. முதலாவது, நீர் கரையின் மேலேறி வழிதல். கற்கட்டு அணைமீது நீர் சில மணி நேரம் வழிந்தாலும் அணை நிற்கக்கூடும். மண் கரையோ விரைவில் அறுந்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணையின் மண் கரைகள் இவ்வாறே உடைந்து, மோர்வி நகரம் பேரழிவிற்கு உள்ளாயிற்று. மிகுநீர்ப் போக்கியின் திறனைக் காட்டிலும் பன்மடங்கு நீர் வந்ததே காரணம்.

இரண்டாவது பகை உட்கசிவு. கரையின் உள்ளே நீர் ஒரு நுண்ணிய வழி கண்டு மண் துகள்களை அடித்துச் சென்றால், வழி அகன்று குழாய் போலாகி, இறுதியில் கரை உள்ளிருந்தே சரியும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதன்முறை நீர் நிரப்பப்பட்டபோதே இவ்வகையில் உடைந்தது. நவீனத் தொழில்நுட்பம் மட்டுமே காப்பாகாது என்பதற்கு அது சான்று. எலி வளைகள், நண்டு வளைகள், கரைமீது வளர்ந்து பட்டுப்போன மரங்களின் வேர்கள், பழுதான மதகுக் குழாய்கள் ஆகியவை சிற்றேரிக் கரைகளில் இந்த வழியைத் திறந்துவிடுகின்றன. கசிவு நீர் தெளிவாக இருந்தால் கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் மண்ணே வெளியேறுகிறது என்று பொருள்.

மூன்றாவது பகை சரிவு. நீண்ட மழையில் ஊறிய கரையின் பக்கங்கள் தம் பளு தாளாமல் வழுக்கி விழுதலும், தேங்கிய நீரைத் திடீரென வடிக்கும்போது உட்பக்கம் சரிதலும் இதில் அடங்கும்.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய இலக்கணம்

இவ்வுண்மைகள் புதிதாகக் கண்டறியப்பட்டவை அல்ல. அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ள ஏரியில் 1369 ஆம் ஆண்டைச் சேர்ந்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றுள்ளது. விஜயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரர் அவ்வேரியைக் கட்டியதை அது பதிவு செய்கிறது. ஆயிரம் தொழிலாளரும் நூறு வண்டிகளும் இரண்டாண்டுகள் உழைத்ததாக அது கூறுகிறது. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அங்கங்களையும், தவிர்க்க வேண்டிய ஆறு குற்றங்களையும் அது வரிசைப்படுத்துவது குறிப்பிடத்தக்கது.

அக்குற்றங்களுள் கரையிலிருந்து நீர் கசிவது ஒன்று. இரு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவது மற்றொன்று. இடம் சிறிதாகவும் வரும் நீர் மிகுதியாகவும் இருப்பதும் ஒரு குற்றமே. கசிவு, நிர்வாக எல்லை, கொள்ளளவை மிஞ்சும் வரத்து ஆகிய இம்மூன்றும் 2021 இல் இவ்வட்டாரத்திலும் அதன் அண்டையிலும் நினைவுக்கு வந்தன.

2021 நவம்பரில் நிகழ்ந்தவை

2021 நவம்பர் 19 அதிகாலையில் தாழ்வு மண்டலம் ஒன்று சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்னும் பின்னும் சித்தூர், கடப்பை மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் பெருமழை பெய்தது. அவ்வாண்டு மழை முன்னமே நன்கு பெய்திருந்ததால் நிலம் ஊறியும் ஏரிகள் நிறைந்தும் இருந்தன. திருப்பதி நகரின் தாழ்ந்த பகுதிகளில் நீர் சூழ்ந்தது. சுவர்ணமுகி கரைபுரண்டது.

திருப்பதிக்கு அருகே இராமச்சந்திராபுரம் மண்டலத்திலுள்ள ராயலசெருவு, கிருஷ்ணதேவராயர் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பழமையான ஏரி. குன்றுகளுக்கு இடையே எழுப்பப்பட்ட அதன் கரை சுமார் ஐந்து நூற்றாண்டுகள் நின்று வந்துள்ளது. அந்த நவம்பரில் வழக்கத்திற்கு மிஞ்சிய நீர் தேங்கியபோது, கரையில் கசிவு காணப்பட்டது. கீழேயிருந்த கிராம மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மூட்டைகளும் சரளையும் அடுக்கிக் கரை வலுப்படுத்தப்பட்டது. கரை தப்பியது. உரிய நேரத்தில் கசிவைக் கண்டதும், கண்டவுடன் செயல்பட்டதும் இதற்குக் காரணங்கள்.

செய்யேற்றின் கதை வேறு. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி மலைநீரைக் கொண்டுவரும் பாகுதா, பிஞ்சா ஆறுகள் கூடிச் செய்யேறாகின்றன. அதன் மீது, அன்றைய கடப்பை மாவட்டத்து இராஜம்பேட்டை அருகே அன்னமய்யா அணை இருந்தது. மேலே பிஞ்சா அணையின் மண் கரை முதலில் உடைந்தது. அந்த நீரும் சேர்ந்து வந்தபோது, நவம்பர் 19 அன்று அன்னமய்யா அணையின் மண் கரை அறுந்தது. வந்த நீர் மிகுநீர்ப் போக்கியின் திறனைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது என்றும், ஐந்து மடைக்கதவுகளுள் ஒன்று இயங்கும் நிலையில் இல்லை என்றும் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கீழ்க்கரையிலிருந்த ஊர்கள் பெரும் சேதத்திற்கு உள்ளாயின. வயல்களில் மணல் மூடியது.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டால், கரையின் வயதோ பொருளோ விளைவைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு. மிகுநீர் வெளியேறும் வழியின் போதுமையும், கண்காணிப்புமே தீர்மானித்தன.

தொடர் ஏரிகளும் தொடர் உடைப்பும்

தென்னிந்திய ஏரிகள் பெரும்பாலும் தனித்து நிற்பவை அல்ல. மேல் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. தெலுங்கில் ‘அலுகு’ என்றும், தமிழில் ‘கலிங்கு’ என்றும் வழங்கும் இந்த மிகுநீர் வழி, இவ்வாறு ஓர் ஊரின் உபரியை மற்றோர் ஊரின் உடைமையாக்குகிறது. நல்ல காலத்தில் இது சிக்கனமான ஏற்பாடு. மேல் ஏரி உடைந்தால் அதே தொடர் அழிவின் வழியாகிறது. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானப் பகுதியில் பாலாற்று ஏரிகள் உடைந்து, ஆற்றின் கீழே வாணியம்பாடியில் பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது இதற்குச் சான்றாகும்.

எனவே ஓர் ஏரியின் பாதுகாப்பை அந்த ஏரியை மட்டும் வைத்து மதிப்பிடுதல் இயலாது. தொடரில் கீழே செல்லச் செல்லக் கலிங்கின் அகலம் மிகுந்தாக வேண்டும். பழைய சென்னை மாகாணத்தில் கலிங்கின் அளவைக் கணிக்க ரைவ்ஸ் சூத்திரம் பயன்படுத்தப்பட்டது. நீர்பிடிப்புப் பரப்பையும், கடலிலிருந்து தொலைவுக்கேற்ற ஓர் எண்ணையும் கொண்டு அது வெள்ளத்தைக் கணிக்கிறது. மலையடிவாரத்தில் 10 சதுர கிலோமீட்டர் பரப்பிற்கு அது தரும் விடை வினாடிக்குச் சுமார் 47 கன மீட்டர். அனுபவத்தில் பிறந்த சூத்திரம் என்பதால் அது மதிக்கத்தக்கதே. ஆயினும் மழையின் செறிவு அதில் நேரடியாக இடம்பெறவில்லை. காடு அழிந்து, சாலையும் கட்டடமும் பெருகி, ஓட்டம் விரைவுபட்ட நீர்பிடிப்புப் பகுதிக்குப் பழைய கலிங்கு போதுமா என்பதை மறுபடி கணக்கிட்டே அறிய வேண்டும். 1985 இல் வெளியான இந்தியத் தர நிர்ணயம், சிறு அணைகளின் மிகுநீர்ப் போக்கியை நூறாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வெள்ளத்திற்கேற்ப அமைக்கச் சொல்கிறது. நடுத்தர அணைகளுக்கும் பெரிய அணைகளுக்கும் இதனினும் கடுமையான அளவுகோல்கள் உண்டு.

காலி இடத்தின் விலை

இனி பொருளாதாரப் பக்கம். மழை நிச்சயமற்ற வட்டாரத்தில் அக்டோபரில் வரும் நீரை விட்டுவிடுமாறு விவசாயியைக் கேட்பது எளிதன்று. அடுத்த மழை வருமா என்பது எவருக்கும் தெரியாது. ஏரி நிறைந்தால் ஆயக்கட்டில் நெல் விளையும், சுற்றிலும் கிணறுகள் ஊறும். காலியாக வைத்தால் பயனடைபவர் கீழேயுள்ள வேறொரு கிராமத்தார், அல்லது நகரத்தார். இழப்பு இவருக்கு, நன்மை அவருக்கு. ஆகவேதான் கலிங்கின் மேல் பலகையும் மணல் மூட்டையும் வைத்து மட்டத்தை உயர்த்தும் வழக்கம் எழுகிறது. ஊரின் நோக்கில் அது சேமிப்பு. பொறியியல் நோக்கில் அது கரையின் பாதுகாப்பு உயரத்தைக் கடன் வாங்குவது.

முன்னோர் இதற்கு ஒரு நடுவழி கண்டிருந்தனர். பழைய கலிங்குகளின் மீது வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பெருமழைக் காலத்தில் கற்களின் இடைவெளி திறந்திருக்கும். வெள்ளம் தடையின்றிப் போகும். மழைக்காலம் முடியும் தறுவாயில் இடைவெளிகளை மண்ணாலும் புல்லாலும் அடைத்து, கடைசி மழையின் நீரைக் கூடுதலாகத் தேக்குவர். மீண்டும் வெள்ளம் வந்தால் அடைப்பு அடித்துச் செல்லப்படும், அல்லது அகற்றப்படும். வெள்ளத்திற்கு இடமும் பாசனத்திற்கு நீரும் காலத்தைப் பிரித்து ஒதுக்கப்பட்டன. அந்த இடைவெளிகளைச் சிமெண்டு கொண்டு நிரந்தரமாக மூடிவிடும்போது, இந்த விதியும் உடன் மூடப்படுகிறது.

காலி இடத்திற்கு விலை தந்து வாங்கிய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உண்டு. 1913 மார்ச்சில் மியாமி ஆற்றின் வெள்ளம் டேட்டன் நகரைச் சூறையாடியது. அதன்பின், ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதற்குமாக ஒரு தனி அமைப்பு நிறுவப்பட்டு, 1922 அளவில் ஐந்து மண் அணைகள் கட்டி முடிக்கப்பட்டன. இவற்றின் பொறியாளர் ஆர்தர் மார்கன். டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராகப் பின்னாளில் பணியாற்றியவரும் அவரே. இந்த ஐந்து அணைகளிலும் நிரந்தர நீர்த்தேக்கம் இல்லை. அடியிலுள்ள திறப்புகள் எப்போதும் திறந்தே இருக்கும். சாதாரண நீர் தடையின்றிப் போகும். வெள்ளம் வந்தால் திறப்பின் அளவை மிஞ்சிய நீர் மட்டும் பின்னால் தேங்கி, மெல்ல வடியும். அணையின் பின்னுள்ள நிலம் மற்ற நாட்களில் சாகுபடியில் இருக்கும். செலவை, பாதுகாப்புப் பெற்ற நகரங்களின் சொத்துரிமையாளர் தாம் பெறும் பயனுக்கேற்ப ஏற்றனர்.

இத்தகைய வறண்ட அணைகளை நீருக்கு ஏங்கும் ராயலசீமையில் அப்படியே பின்பற்றுவது பொருந்தாது. ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து பொருந்தும். காலி இடத்தால் பயன் பெறுபவர் அதன் செலவில் பங்கேற்க வேண்டும் என்பதே அது. திருப்பதி போன்று வளரும் நகரம், தனக்கு மேலேயுள்ள ஏரிகள் பருவத்தின் உச்சத்தில் சற்றுக் குறைவாக வைக்கப்படுவதால் நன்மையடைகிறது. அந்நகரின் வளங்களிலிருந்து அவ்வேரிகளின் தூர்வாரலுக்கும், ஆயக்கட்டுதாரரின் இழப்பை ஈடுசெய்வதற்கும் பணம் செல்வது நியாயமே. வண்டலை அகற்றுவதும் காலி இடத்தை உண்டாக்கும் ஒரு வழி. அதில் பாசனத்திற்கும் வெள்ளத் தடுப்பிற்கும் முரண்பாடு இல்லை.

எல்லைக்கு அப்பால்

இவ்வட்டாரத்து ஆறுகள் சில மணி நேரத்தில் மாநில எல்லையைக் கடந்துவிடுகின்றன. பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தின் கதவுகள் திறக்கப்பட்டால் ஊத்துக்கோட்டையிலும், அதற்குக் கீழே பழவேற்காடு வரையிலும் ஆரணியாற்றங்கரை மக்கள் விழித்திருக்க வேண்டும். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையின் உபரி நீர் பள்ளிப்பட்டு வழியே கொசத்தலையாற்றில் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வருகிறது. சென்னை மக்களுக்கு அது குடிநீர். அளவு மிஞ்சினால் அதுவே வெள்ளம். திறக்கும் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிப்பது இங்கு நல்லெண்ணச் செயலாக மட்டும் நின்றுவிடக் கூடாது. மழைமானிகளின் செய்தியும் நீர்மட்டச் செய்தியும் இரு மாநிலப் பொறியாளர்களுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் ஏற்பாடாக அது அமைய வேண்டும்.

சட்டமும் சிற்றணைகளும்

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, அவ்வாண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகள் அனைத்தும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றுள் நீளம், கொள்ளளவு முதலிய வரையறைகளுள் ஏதேனும் ஒன்றுக்கு உட்பட்டவையும் அதன் வரம்பில் அடங்கும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, நெருக்கடிக்காலச் செயல் திட்டம், உரிமையாளரின் பொறுப்பு ஆகியவற்றை அது வற்புறுத்துகிறது. மடைக்கதவு பழுதடைந்த நிலையில் ஒரு பருவத்தை எதிர்கொள்ளும் நிலை இனி வராதிருக்க இது உதவ வேண்டும்.

ஆனால் 10 மீட்டருக்கும் தாழ்ந்த ஏரிக்கரைகள் அச்சட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. எண்ணிக்கையில் அவையே மிகுதி. 1883 இல் தொடங்கிய சென்னை மாகாண ஏரிச் சீரமைப்புத் திட்டம் முதல், 1997 ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசப் பாசன விவசாயிகள் நிர்வாகச் சட்டம் வரை பல முயற்சிகள் இவற்றைக் குறித்தே மேற்கொள்ளப்பட்டன. பின்னைய சட்டத்தின்கீழ் அமைந்த நீர்ப் பயனாளர் சங்கங்கள் கரையைப் பராமரிக்கும் பொறுப்பிலும் பங்கு பெறுகின்றன. புதிய அணைக்குத் திறப்பு விழா உண்டு. பழைய கலிங்கைச் சுத்தம் செய்தவருக்கு மாலை கிடைப்பதில்லை. பராமரிப்பின் பயன், நடவாமற்போன ஓர் உடைப்பு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே நிதி ஒதுக்கீட்டில் அது பின்தங்கிவிடுகிறது.

செய்யத்தக்கவை

மாவட்ட அளவில் பெருஞ்செலவின்றி மேற்கொள்ளத்தக்க பணிகள் சில உள. செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு கரையும் நடந்து பார்க்கப்பட வேண்டும். தாழ்ந்த இடங்கள், வளைகள், புதர்கள், கசிவுகள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் அவசியம். கலிங்கும் அதற்குக் கீழேயுள்ள வடிகாலும் ஆக்கிரமிப்பின்றி, அடைப்பின்றி இருக்க வேண்டும். கலிங்கு பத்து மீட்டர் அகலமிருந்து, கீழே ஓடை மூன்று மீட்டராகச் சுருங்கியிருந்தால் பயனில்லை. தொடர் ஏரிகளை ஒரே வரைபடத்தில் காட்டி, மேலிருந்து கீழாகக் கலிங்குகளின் திறனை மறுகணக்கிட வேண்டும். பருவத்தின் எந்த வாரத்தில் எந்த மட்டம் வரை நீரைத் தேக்கலாம் என்பதை ஆயக்கட்டுதாரருடன் கலந்து முன்னதாகவே முடிவு செய்து, கலிங்கருகே கல்லில் குறித்து வைத்தல் நலம். மழை கொட்டும் இரவில் இதனைப் பேசித் தீர்க்க இயலாது. இறுதியாக, கரைக்குக் கீழே எந்த ஊர் முதலில் நனையும், மக்கள் எந்த மேட்டிற்குச் செல்வர் என்பது ஒவ்வொரு கிராமத்திற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிறு மண் அணை எளியோரின் அணை. எளிய பொருளால் ஆனது. எளிய கவனிப்பையே வேண்டுகிறது. வெள்ளத்திற்குக் கொஞ்சம் இடமும், மிஞ்சிய நீருக்குத் தடையற்ற வழியும், ஆண்டுதோறும் கரைமேல் நடந்து பார்க்கும் ஓர் ஆளும் இருந்தால், ராயலசெருவைப் போல அது நூற்றாண்டுகள் நிற்கும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், காத்த கரையே ஒரு நாள் வெள்ளமாக இறங்கி வரும். இவற்றுக்கான செலவு சிறிது. அதனை ஆண்டுதோறும் தவறாமல் செய்வதே வளர்ச்சித் திட்டத்தின் கடமையாகும்.